நானூறு கிலோமீட்டர் கணக்கு

காணையில் என் தம்பி வீட்டுத் திண்ணையில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் நான் தோற்றுப்போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

காணை என்றால் விழுப்புரத்துக்குப் பக்கத்து ஊர். திருவண்ணாமலை ரோட்டில் பஸ் ஏறினால் அரை மணிக்குள் இறங்கிவிடலாம். 2023 ஆகஸ்ட் நடுவில் ஒரு காதுகுத்துக்காகப் போயிருந்தேன். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரம். உள்ளே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. சந்திரயான்-3 நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ரஷ்யாவின் லூனா-25 அப்போதுதான் கிளம்பியிருந்தது. ஏதோ ஆடிப்பெருக்கு ஓட்டப் பந்தயம் மாதிரி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் படம் போட்டு, 'நாம் கிளம்பி ஒரு மாதம் ஆச்சு, அவர்கள் நேற்று கிளம்பி நமக்கு முன்னால் இறங்கப் போகிறார்கள்' என்று பதறிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி மகன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

"நிலா எவ்ளோ தூரம் பெரியப்பா?"

பத்திரிகைக்காரன் இல்லையா? டக்கென்று சொன்னேன். 3,84,400 கிலோமீட்டர்.

பையன் 40 நாளால் வகுத்தான். 24 மணி நேரத்தால் வகுத்தான். நிமிர்ந்து பார்த்தான். "மணிக்கு நானூறு கிலோமீட்டர்தான் வருது பெரியப்பா. ப்ளேனே தொள்ளாயிரம் போகுது!"

நான் வாங்கி ஒரு தடவை வகுத்துப் பார்த்தேன். சரியாக நானூறு! கணக்கில் தப்பே இல்லை.

"நம்ம டவுன் பஸ்ஸு மாதிரி ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நின்னு போகுது போல" என்றான் என் தம்பி. திண்ணையே சிரித்தது. நானும் சிரித்தேன். பையன் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

எங்கேயோ இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது பி.காம். பற்று எழுது, வரவு எழுது என்றால் எழுதுவேன். ராக்கெட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது?

ஊர் திரும்பியதும் உட்கார்ந்து தேடினேன். படித்தேன். இப்போது சொல்கிறேன். அந்தப் பையன் தோற்கவில்லை. தோற்றது நாங்கள். அதாவது, ராக்கெட்டைப் பற்றி உங்களுக்குச் செய்தி எழுதுகிற, தலைப்பு போடுகிற, டி.வி.யில் மூச்சு விடாமல் பேசுகிற கூட்டம். நானும் அதில் ஒருத்தன். 'மணிக்கு 40 ஆயிரம் கி.மீ. வேகத்தில் சீறிப் பாய்ந்தது!' என்று என் கையாலேயே தலைப்பு போட்டிருக்கிறேன். எதைப் பொறுத்து 40 ஆயிரம், எத்தனை நேரத்துக்கு 40 ஆயிரம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பெரிய எண் கிடைத்தால் போதும், ஆச்சரியக்குறி போட்டுவிடுவோம். இந்த வாரம் அந்த ஆச்சரியக்குறியோடுதான் சண்டை.

முதலில் அந்த 40 நாளைப் பிரித்துப் பார்ப்போம், வாங்க.

2023 ஜூலை 14 மதியம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. ஆகஸ்ட் 1 வரைக்கும் எங்கே இருந்தது? பூமியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. 18 நாள். ஆகஸ்ட் 1 நள்ளிரவு தாண்டி நிலாப் பாதைக்குத் திரும்பியது. ஆகஸ்ட் 5 மாலை நிலாவின் பிடிக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் 23-ம் தேதி மாலை 6.04-க்கு இறங்கும் வரை நிலாவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஒரு 18 நாள்.

ஆக, பூமியை விட்டு நிலாவுக்குப் 'போன' பயணம் எத்தனை நாள்? ஐந்துக்கும் குறைவு!

லூனா-25 ஆகஸ்ட் 11-ல் கிளம்பி 16-ல் நிலாவைச் சுற்ற ஆரம்பித்தது. அதுவும் ஏறக்குறைய ஐந்தே நாள்.

அதாவது, குறுக்கே கடக்கிற தூரத்தை இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் கடந்தன. நாம் பார்த்த 'ஓட்டப் பந்தயம்' நடக்கவே இல்லை. டி.வி.க்குள் மட்டும்தான் நடந்தது.

எங்கள் பையன் போட்ட 400 எப்படிப்பட்டது தெரியுமா? விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்ற நேரத்தையும், காணையில் இறங்கி டீ குடித்த நேரத்தையும் சேர்த்துப் பத்து கிலோமீட்டரை வகுத்த மாதிரி. வகுத்தல் சரி. வகுக்கக் கொடுத்த நாள் தப்பு. அந்த நாளைக் கொடுத்தது யார்? நாங்கள்தான்.

சரி, 18 நாள் பூமியைச் சுற்றி வந்தது எதற்கு? வேடிக்கை பார்க்கவா?

குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியிருப்பீர்கள். ஒரே தள்ளில் உச்சிக்கு அனுப்ப பலசாலியால்தான் முடியும். நம்மைப் போன்றவர்கள் என்ன செய்வோம்? ஊஞ்சல் நம் பக்கத்தில் வரும்போதெல்லாம் ஒரு தள்ளு. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உயரம் போகும். சந்திரயானும் அதையேதான் செய்தது. பூமிக்கு மிக அருகில் வரும்போது எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டும். அணைக்கும். சுற்று இன்னும் நீளமாகும். இப்படி ஐந்து தடவை. முதலில் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரம் வரை போய் வந்தது, ஜூலை கடைசியில் ஒரு லட்சத்து 27 ஆயிரம் கிலோமீட்டர் வரை போய் வந்தது. எந்த இடத்தில் தள்ளினால் பலன் அதிகம் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. கலம் வேகமாக ஓடுகிற இடத்தில், அதாவது பூமியை ஒட்டி வரும்போது தள்ளினால்தான் அதே எரிபொருளுக்கு லாபம் ஜாஸ்தி.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்தக் கடைசிச் சுற்றில், பூமிக்கு அருகே வரும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 38 ஆயிரம் கிலோமீட்டர். தூரத்து முனையில் இரண்டாயிரத்தைக்கூடத் தொடாது. ஒரே கலம், ஒரே சுற்று! இதில் எதை 'ராக்கெட்டின் வேகம்' என்று தலைப்பில் போடுவீர்கள்? மேலே எறிந்த கல் ஏற ஏறத் தளர்கிறது, விழ விழ வேகம் பிடிக்கிறது. அதே கதைதான். விண்வெளியில் வேகம் என்பது நம் பைக்கின் ஸ்பீடாமீட்டர் முள் மாதிரி ஒரு இடத்தில் நிற்கிற சமாச்சாரம் இல்லை.

சொல்லப்போனால் காணைத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த நாங்களே பூமியின் சுழற்சியோடு மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் போய்க்கொண்டுதான் இருந்தோம். பூமி சூரியனைச் சுற்றுவதைக் கணக்கில் எடுத்தால் மணிக்கு ஒரு லட்சத்து ஏழாயிரம் கிலோமீட்டர்! யாரும் தலைப்பு போடவில்லை.

நிலாவுக்குப் பக்கத்தில் இன்னொரு 18 நாள் எதற்கு? படிப்படியாக பிரேக் போட்டுச் சுற்றைச் சுருக்க வேண்டும். அதோடு இறங்குகிற இடத்தில் பொழுது விடிய வேண்டும். லேண்டர் ஓடுவது சூரிய ஒளியில். நிலாவில் ஒரு பகல் என்பது நம் கணக்கில் 14 நாள். விடிந்தவுடன் இறங்கினால்தான் முழுப் பகலும் வேலை வாங்கலாம். முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இத்தனையையும் கட்டி மேய்த்த திட்ட இயக்குநர் யார்? ப.வீரமுத்துவேல். விழுப்புரத்துக்காரர்! ரயில்வே ஊழியரின் மகன். அங்கே ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ வாங்கி, அப்புறம் பொறியியல், சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் என்று ஏறியவர். கலம் இறங்கிய மறுநாள் நாங்கள் எல்லோரும் என்ன எழுதினோம்? அவர் படித்த பள்ளி, அவர் வீட்டுத் தெரு, அப்பாவின் ஆனந்தக் கண்ணீர். எல்லாம் எழுத வேண்டியதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 40 நாள் அவர் என்ன செய்தார் என்று விழுப்புரத்துப் பையன் ஒருவனுக்குப் புரிகிற மாதிரி எத்தனை பேர் எழுதினோம்? பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பையன் அதைத் தப்பாகக் கணக்குப் போட்டு, வெட்கப்பட்டு, நோட்டை மூடியிருக்கிறான். அது எங்கள் பாக்கி.

இனி அடுத்த பக்கம். ஆகஸ்ட் 19-ல் லூனா-25 நிலாவில் மோதி நொறுங்கியது. நான்கு நாள் கழித்து நாம் பத்திரமாக இறங்கினோம். அவ்வளவுதான்! பதறிக்கொண்டிருந்த அதே கூட்டம் அப்படியே பிளேட்டைத் திருப்பிப் போட்டது. 'ஆமை ஜெயித்தது, முயல் தோற்றது. நிதானமே பிரதானம்.'

அழகான நீதிக்கதைதான். ஆனால் பொய்.

லூனா வேகமாகப் போனதால் விழவில்லை. 84 விநாடி ஓட வேண்டிய எஞ்சின் 127 விநாடி ஓடிவிட்டது என்று ரஷ்ய விண்வெளி நிறுவனமே சொன்னது. நேரத்துக்கு அணையாத எஞ்சின் ஐந்து நாளில் போன கலத்தையும் கவிழ்க்கும், ஐம்பது நாளில் போன கலத்தையும் கவிழ்க்கும். நிதானம்தான் ஜெயிக்கும் என்றால், 2019-ல் சந்திரயான்-2 இதைவிட நிதானமாக 48 நாள் எடுத்துக்கொண்டு போனதே, அதன் லேண்டர் ஏன் விழுந்தது? அன்றைக்கு ஆமை எங்கே போச்சு?

முதல் வாரம் வெட்கப்பட்டோம், அடுத்த வாரம் பீற்றிக்கொண்டோம். இரண்டுக்கும் ஆதாரம் ஒரே தப்புக் கணக்கு. உண்மை இரண்டுக்கும் நடுவில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. சந்திரயான்-3-ன் எடை 3,900 கிலோ. அவ்வளவு எடையை நேராக நிலாப் பாதையில் தூக்கிப் போடும் பலம் நம் எல்.வி.எம்-3 ராக்கெட்டுக்குக் கிடையாது. லூனா-25-ன் எடை அதில் பாதிகூட இல்லை. 1969-ல் அப்பல்லோ-11 நான்கே நாளில் போய் இறங்கியது என்றால், அதைத் தூக்கிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எடை சுமார் 2,900 டன். நம்முடையது 640 டன். தவிர, உள்ளே மூன்று ஆள் உட்கார்ந்திருந்தார்கள். சோறு, தண்ணீர், காற்று எல்லாம் நாள் கணக்கில் தீரும். ஆள் இருந்தால் அவசரம். கருவிக்குப் பசிக்காது.

நம்மிடம் பெரிய ராக்கெட் இல்லை. இருக்கிற ராக்கெட்டில் எப்படிப் போவது என்று தெரிந்திருந்தது. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, மீசையை முறுக்கவும் வேண்டாம். மாதச் சம்பளக்காரர் தவணையில் வீடு கட்டுகிற மாதிரி. கட்டினோம், குடி போனோம். அது பெரிய விஷயம் இல்லையா?

"அதெல்லாம் சரி சார், இன்னும் கொஞ்சம் எரிபொருளைச் சேர்த்து ஊற்றினால் ஆச்சு, வேகமாகப் போகலாமே?" என்று கேட்கிறீர்கள்தானே? இங்கேதான் என் பி.காம். உதவிக்கு வந்தது!

வட்டிக்கு வட்டி தெரியுமில்லையா? கூட்டு வட்டி. ராக்கெட்டும் கூட்டு வட்டியில் மாட்டிக்கொண்ட ஆசாமிதான். சாமானைத் தூக்க எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். அதைத் தூக்க மேலும் கொஞ்சம்... விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் புகையைத் தள்ளுகிற எஞ்சின் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் சாமானுக்கு அதே 3 கிலோமீட்டர் வேகம் கொடுக்க, கிளம்பும்போது மொத்த எடை 2.7 டன் இருக்க வேண்டும். 6 கிலோமீட்டர் வேகம் வேண்டுமா? 7.4 டன். ஒன்பதா? 20 டன். பன்னிரண்டா? 55 டன்! வேகம் கூட்டல் கணக்கில் ஏறுகிறது, எடை பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு கேட்க மாட்டார்.

இந்தச் சமன்பாட்டை 1903-ல் வெளியிட்டவர் சியோல்கோவ்ஸ்கி. ரஷ்யாவில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். அதில் வருகிற அந்த 2.7 இருக்கிறதே, அதை ஜேக்கப் பெர்னூலி என்பவர் 1683-ல் முதலில் எட்டிப் பார்த்தது எங்கே தெரியுமா? கூட்டு வட்டிக் கணக்கில்! வங்கிக் கணக்கும் ராக்கெட் கணக்கும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. பி.காம். படித்தவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

எனவே கிரகத்துக்குப் போகிறவன் 'எவ்வளவு வேகமாகப் போகலாம்?' என்று முதலில் கேட்பதில்லை. 'எவ்வளவு குறைவாகச் செலவு செய்து போகலாம்?' என்றுதான் கேட்கிறான். வால்டர் ஹோமான் என்கிற ஜெர்மானியப் பொறியாளர் 1925-லேயே அதற்கு வழி எழுதி வைத்துவிட்டார். கிளம்பும்போது ஒரு தள்ளு, சேரும்போது ஒரு தள்ளு, நடுவில் சும்மா மிதந்து போ. அவர் கணக்குப்படி செவ்வாய்க்குச் சுமார் எட்டரை மாதம். வெள்ளிக்கு ஐந்து மாதம். வியாழனுக்கு இரண்டே முக்கால் வருடம். சனிக்கு ஆறு வருடம். நெப்டியூனுக்கு முப்பது வருடம்! கொஞ்சம் கூடச் செலவு செய்தால், வழியில் இருக்கிற கிரகங்களின் இழுப்பைப் பயன்படுத்திக்கொண்டால் நாள் குறையும். 1977-ல் கிளம்பிய வாயேஜர்-2 அப்படித்தான் 12 வருடத்தில் நெப்டியூனைத் தாண்டியது.

இந்த 'சும்மா மிதந்து போ' என்பதை நாம் புரிந்துகொள்ளாததால் வந்ததுதான் அந்தப் புகழ்பெற்ற ஆட்டோ கணக்கு. ஞாபகம் இருக்கிறதா? 2014-ல் மங்கள்யான் செவ்வாயைத் தொட்ட கையோடு பிரதமர் மோடி நியூயார்க்கில் பேசினார். அகமதாபாத்தில் ஆட்டோவுக்குக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், நாம் செவ்வாய்க்கே ஏழு ரூபாயில் போய்விட்டோம் என்று. பலத்த கைத்தட்டல். 450 கோடி ரூபாய், 65 கோடி கிலோமீட்டர். வகுத்தால் ஏழு. காணைப் பையனின் கணக்கு மாதிரியே வகுத்தல் சரி!

மேடைப் பேச்சில் அப்படிச் சொல்வது சகஜம், விட்டுவிடலாம். ஆனால் அதை அப்படியே எடுத்து வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோமே, அதை எப்படி விடுவது? பி.காம். முதல் வருடப் பாடம் இது. நிலையான செலவு வேறு, மாறும் செலவு வேறு. ஆட்டோ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல் குடிக்கும். மங்கள்யான் அப்படியா? 2013 டிசம்பர் 1-ல் பூமியை விட்டுக் கிளம்ப எஞ்சின் 22 நிமிடம் ஓடியது. 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயில் பிரேக் போட சுமார் 23 நிமிடம் ஓடியது. நடுவில் அந்தப் பெரிய எஞ்சின் கிட்டத்தட்ட 300 நாள் தூங்கியது. கடைசியில் இரண்டு நாள் முன்னால் எழுப்பி நான்கு விநாடி சோதித்துப் பார்த்தார்கள். ஓடுகிறதா என்று ஊர் முழுக்கப் பயம்!

செலவெல்லாம் புறப்படுவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது. அப்புறம் எத்தனை கோடி கிலோமீட்டர் மிதந்தாலும் பெட்ரோல் செலவு கிடையாது. ஆட்டோ கணக்குப்படி பார்த்தால், இன்னும் சுற்றி வளைத்துப் போயிருந்தால் இன்னும் மலிவு! மீட்டருக்கு மேல் போட்டுக் கேட்கிற ஆட்டோக்காரர்கூட இந்த வாதத்தை ஒத்துக்கொள்ள மாட்டார். மங்கள்யானின் உண்மையான பெருமை 300 நாள் தூங்கிய எஞ்சின் நேரத்துக்கு எழுந்து வேலை செய்ததில் இருக்கிறது. கிலோமீட்டருக்கு ஏழு ரூபாயில் இல்லை.

பயண நாளை ராக்கெட் மட்டும் தீர்மானிப்பதில்லை, வானமும் தீர்மானிக்கிறது. இதற்கு நம் ஊர் வார்த்தை ஒன்று இருக்கிறது. முகூர்த்தம்! பூமியும் செவ்வாயும் தோதான கோணத்தில் வருவது 26 மாதத்துக்கு ஒரு முறை. அதை விட்டால் அடுத்த முகூர்த்தம்தான். 2020 ஜூலையில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், சீனா, அமெரிக்கா மூன்று நாடுகளும் இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்துக் கலம் அனுப்பின. மூன்று வேறு வேறு ராக்கெட். 2021 பிப்ரவரியில் மூன்றும் பத்து நாள் இடைவெளிக்குள் செவ்வாயை அடைந்தன. முகூர்த்த நாளில் ஊரில் எல்லா மண்டபமும் நிறைந்திருக்குமே, அது போல.

நாளை மனிதன் செவ்வாய்க்குப் போனாலும் இதுதான் சிக்கல். போக ஏழெட்டு மாதம். திரும்ப முகூர்த்தம் வருகிற வரை அங்கேயே ஒன்றேகால், ஒன்றரை வருடம். வர ஏழெட்டு மாதம். இரண்டரை வருடத்துக்கு மேல். 'ஆறு மாதத்தில் செவ்வாய்!' என்று எவராவது எழுதினால், 'திரும்பி வருகிற டிக்கெட் எப்போது?' என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு ஆச்சரியம். புதன் கிரகத்துக்கு எத்தனை நாள்?

1973 நவம்பரில் கிளம்பிய மரைனர்-10, 1974 மார்ச்சில் புதனை எட்டிவிட்டது. ஐந்து மாதத்துக்குள். அதற்கு முப்பது வருடம் கழித்து, 2004 ஆகஸ்டில் மெசஞ்சர் கலம் கிளம்பியது. தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறியிருந்தது. எப்போது போய்ச் சேர்ந்தது? 2011 மார்ச்! ஆறரை வருடத்துக்கு மேல்!

தொழில்நுட்பம் பின்னோக்கிப் போய்விட்டதா? இல்லை. மரைனர் புதனைத் தாண்டிப் போனது. மெசஞ்சர் புதனில் நின்றது. விழுப்புரம் ஜங்ஷன்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிற்காத வண்டி பிளாட்பாரத்தை அரை நிமிடத்தில் கடந்துவிடும். ஆனால் நீங்கள் இறங்க முடியாது. சூரியனை நோக்கிப் போகிற கலம் விழ விழ வேகம் பிடிக்கிறது. அதை நிறுத்த பிரேக் வேண்டும். புதனில் உராய்ந்து நிற்கக் காற்றும் இல்லை. அதனால் மெசஞ்சர் பூமியை ஒரு தடவை, வெள்ளியை இரண்டு தடவை, புதனையே மூன்று தடவை உரசிப் போய் தன் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வந்தது. ஆறரை வருடமும் அது பட்ட பாடு நிற்பதற்குத்தான்.

2006-ல் கிளம்பிய நியூ ஹொரைசன்ஸ் வெறும் ஒன்பது மணி நேரத்தில் நிலாவின் தூரத்தைத் தாண்டியது. அப்பல்லோவுக்கு மூன்று நாள் ஆன தூரம்! அப்படிப் பறந்தும் புளூட்டோவுக்கு ஒன்பதரை வருடம் ஆயிற்று. 2015 ஜூலையில் போய்ச் சேர்ந்தபோது நிற்க முடியவில்லை. படம் எடுத்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டது. வேகத்துக்குக் கொடுத்த விலை அது.

சினிமாவை நான் குறை சொல்ல மாட்டேன். 1963-ல் 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்கே போய் நாயகியை மீட்டு வந்தார். 2018-ல் 'டிக் டிக் டிக்' படத்தில் விண்கல்லை உடைக்க ஜெயம் ரவி கிளம்பினார். இடைவேளைக்கு முன் கிளம்பினால் கிளைமாக்ஸுக்குள் போய்ச் சேர வேண்டும். அது டிக்கெட் வாங்கியவனோடு போட்ட ஒப்பந்தம். ஆனால் செய்திக்கு அந்தச் சலுகை கிடையாது. செய்தியைப் பையன்கள் நோட்டில் எழுதி வகுத்துப் பார்க்கிறார்கள்!

தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியாது என்ற சாக்கும் எடுபடாது. பெ.நா.அப்புஸ்வாமி வாழ்நாள் முழுக்க அறிவியலைத் தமிழில் எழுதினார். சுஜாதா ஒரு வாரப் பத்திரிகையின் கேள்வி பதிலிலேயே சொன்னார். நமக்கு வார்த்தை பஞ்சமில்லை. பொறுமைதான் பஞ்சம்.

ஆகவே என் சக தலைப்புக்காரர்களுக்கும், படிக்கிற உங்களுக்கும் மூன்றே கேள்வி. அடுத்த முறை ராக்கெட் செய்தி வந்தால் கேட்டுப் பாருங்கள். ஒன்று, இந்த வேகம் எதைப் பொறுத்து, எந்த இடத்தில்? இரண்டு, கலம் அங்கே நிற்கப் போகிறதா, தாண்டிப் போகப் போகிறதா? மூன்று, எவ்வளவு எடையை எவ்வளவு எரிபொருளில் கொண்டு போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியில் மிச்சம் இருப்பது ஆச்சரியக்குறி மட்டும்தான்.

காணைக்கு அப்புறம் ஒரு தடவை போனேன். பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 18, 5, 18 என்று பிரித்து எழுதிக் காட்டினேன். ஊஞ்சல் கதை சொன்னேன். கூட்டு வட்டி சொன்னேன். முழுசாகக் கேட்டான்.

"அப்போ என் கணக்கு தப்பில்ல?"

"கணக்கு தப்பில்லடா. நாங்க கொடுத்த நாள்தான் தப்பு."

நோட்டைத் திறந்தான். 3,84,400-ஐ எழுதினான். ஐந்து நாளால் வகுத்தான், 24-ஆல் வகுத்தான். மூவாயிரத்து இருநூறு வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"இது சராசரிதானே பெரியப்பா? பூமிகிட்ட வேகமாவும் நடுவுல மெதுவாவும் போயிருக்கும். எந்த இடத்துல ரொம்ப மெதுவா போச்சு?"

இதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை திண்ணையில் யாரும் சிரிக்கவில்லை.